யேகர்: ஒரு வேட்டைச் சொல்லின் யாத்திரை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவில் பேச வருவோர் கம்பனையோ வள்ளுவரையோ எடுத்துக்கொள்வதே மரபு. இன்று நாம் ஒரு ஜெர்மானியச் சொல்லை எடுத்துக்கொண்டு உங்கள் முன் நிற்கிறோம். பிறந்த ஊரைவிட்டு வந்து, அயல்மொழி வழங்கும் நகரத்தில் காலனி அமைத்து வாழும் நமக்கு, ஊர்விட்டு ஊர் சென்ற ஒரு சொல்லின் வரலாறு அயலாகத் தோன்றாது என்னும் துணிவே இதற்குக் காரணம்.

அச்சொல் யேகர் என்பது. வேட்டைக்காரன் என்பது அதன் பொருள். அதன் முதலெழுத்தை ஆங்கிலேயர் ஜகரமாக ஒலிப்பர். ஜெர்மானியர்க்கு அது யகரம். ஆதலின் ஜேகர் என்பது பிழை. யேகர் என்பதே சரி. இச்சொல்லை எழுதும்போது ஜெர்மானியர் முதல் உயிரெழுத்தின் தலைமேல் இரண்டு புள்ளிகள் இடுவர். அந்தப் புள்ளிகளுக்கு ஒரு கதை உண்டு. துரத்துதல், விரைதல், வேட்டையாடுதல் ஆகிய மூன்றையும் குறிக்கும் வினைச்சொல் யாகன் என்பது. பழைய ஜெர்மன் மொழியில் அது யாகோன் என வழங்கிற்று. அத்தொழிலைச் செய்பவனைக் குறிக்க, இலத்தீனிலிருந்து வந்த ஒரு விகுதியை அதனோடு சேர்த்தனர். விகுதியில் இருந்த இகரம், முன்னே நின்ற ஆகாரத்தைத் தன்பால் இழுத்து ஏகாரம் ஆக்கிற்று. நாளடைவில் அந்த இகரம் தேய்ந்து மறைந்துவிட்டது. அது விட்டுச்சென்ற அடையாளமே அவ்விரு புள்ளிகள். நம் வேட்டைக்காரனிலும் 'காரன்' என்பது வடமொழி வரவே என்பர். வேட்டை இரு மொழியிலும் சொந்தம். வேட்டையாடுவோனைக் குறிக்கும் வால்மட்டும் இரு மொழியிலும் கடன்!

யாகன் என்ற ஒலி காதில் விழுந்ததும், யாகம் என்பதோடு அதனை முடிச்சுப்போட நம்மவர் சிலர்க்குக் கை துறுதுறுக்கும். வேண்டா என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வேள்வியைக் குறிக்கும் வடசொல்லின் வேர் வேறு. ஒலி ஒத்திருப்பதை உறவெனக் கொள்வதானால் உலகில் ஒட்டாத மொழி ஒன்றும் மிஞ்சாது.

வேடன் என்றவுடன் நம் மனக்கண்ணில் கண்ணப்பர் தோன்றுவார். காட்டிலே பிறந்து, காட்டையே வீடாகக் கொண்டு, தன் பசிக்கும் தன் கூட்டத்தார் பசிக்கும் வில்லெடுப்பவன் அவன். யேகர் அத்தகையவன் அல்லன். இதனை மனத்திற் கொள்ளாவிடின் அச்சொல்லின் பிற்கால வரலாறு விளங்காது. இடைக்காலம் தொட்டு ஜெர்மானிய நாடுகளில் பெருவிலங்கு வேட்டை மன்னர்க்கும் பிரபுக்களுக்குமே உரியதாயிற்று. காடு கோமகனுடையது; மானும் பன்றியும் அவனுடையன. அக்காட்டைக் காத்து, விலங்கின் தடம் பார்த்து, நாயைப் பழக்கி, கோமகன் வேட்டைக்கு வரும் நாளில் எல்லாம் ஆயத்தமாக வைக்கும் சம்பளக்காரனே யேகர். பச்சை உடுப்பும் ஊதுகொம்பும் அவன் அடையாளங்கள். வேட்டையாடியவன் அவன், வேட்டைப்பொருள் பிறருடையது.

இதனால் துன்புற்றவர் உழவர். மான்கூட்டம் வந்து பயிரை மேய்ந்தால், அதன்மேல் கைவைக்க உழவனுக்கு உரிமை இல்லை. 1525-ஆம் ஆண்டில் ஜெர்மானிய உழவர்கள் கிளர்ந்தெழுந்தபோது தங்கள் குறைகளைப் பன்னிரண்டு உறுப்புகளாக எழுதி வெளியிட்டனர். அவற்றுள் நான்காவது, வேட்டையையும் மீன்பிடிப்பையும் பற்றியது. காட்டுவிலங்கு தங்கள் விளைச்சலை அழிப்பதை வாய்மூடிப் பார்த்திருக்க வேண்டியுள்ளதே என்பது அவர்களது முறையீடு. கிளர்ச்சி அவ்வாண்டே நசுக்கப்பட்டது. பிறர் நிலத்தில் பிரபு வேட்டையாடும் உரிமை ஒழிய 1848-ஆம் ஆண்டின் புரட்சி வரவேண்டியிருந்தது. உழவர் நாவில் யேகர் என்னும் சொல் அந்த மூன்று நூற்றாண்டும் எந்தச் சுவையோடு வழங்கியிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப்பாருங்கள்.

இந்த யேகர்கள் தமக்கென ஒரு குழூஉக்குறி மொழியும் வளர்த்துக்கொண்டனர். அம்மொழியில் அடிபட்ட விலங்கின் குருதியைக் குருதி என்று சொல்லலாகாது. வியர்வை என்றே சொல்லவேண்டும். முயலின் காது கரண்டி. மானின் கண் விளக்கு. பிழையாகச் சொல்பவனை இன்றும் வேட்டைக்காரர் நகைப்பர். வேட்டைக்காரன் தன் வீரத்தை மிகைப்படுத்தி அளக்கும் கதைக்கு ஜெர்மானியர் இட்ட பெயர் 'யேகர் இலத்தீன்'. கேட்பவர்க்குப் புரியாத மொழியில் பேசிப் பெருமை தேடுவோர் எந்நாட்டிலும் உளர் போலும்!

இனி, காட்டிலிருந்த யேகர் போர்க்களத்துக்கு வந்த கதையைக் காண்போம். அக்காலப் படைவீரர் ஏந்திய மஸ்கட் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. குண்டு தளர்வாக உருண்டு வெளியேறும். எங்கே போய் விழும் என்று உறுதியில்லை. ஆனால் நிமிடத்திற்கு மூன்று முறை சுடலாம். வேட்டைக்காரனின் துப்பாக்கிக் குழலுக்குள்ளே திருகுபோலச் சுற்றிச்செல்லும் பள்ளங்கள் இருந்தன. எண்ணெயிட்ட துணியிலோ தோலிலோ சுற்றிய குண்டை இறுக அடித்து உள்ளே செலுத்துவர். அது சுழன்றுகொண்டே வெளிப்பட்டு நேராகச் செல்லும். நிமிடத்திற்கு ஒரு குண்டுதான் எனினும், இரு நூறு கஜம் தொலைவிலுள்ள ஒரு மனிதனைக் குறிபார்த்து வீழ்த்தவல்லது. வரிசையாக நின்று ஒருசேரச் சுடுவதையே போர்முறையாகக் கொண்டிருந்த அந்நாளில், மரத்தின் பின்னே மறைந்து ஒருவனைத் தேர்ந்து சுடும் வேட்டைக்காரனின் திறமை புதிய ஆயுதமாயிற்று. ஹெஸ்ஸெ-காஸல் நாட்டில் 1631-ஆம் ஆண்டிலேயே யேகர் படை தோன்றியது. பிரஷ்ய மன்னன் இரண்டாம் பிரெடெரிக் 1740-இல் குதிரையேறிய யேகர்களைத் தூதர்களாகவும் வழிகாட்டிகளாகவும் அமர்த்தினான். காலாட்படை யேகர்கள் பின்னே வந்தனர். காட்டுக் காவலர்களின் மக்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்தனர். நன்றாகச் சேவை செய்தால் முடிவில் காட்டிலாகாவில் வேலை தருவோம் என்பது அவர்களுக்குக் காட்டிய ஆசை. ஓய்வுக்குப்பின் ஒரு நிலையான உத்தியோகம் என்பது எந்தக் காலத்திலும் எடுபடும் ஆசையன்றோ?

1776-ஆம் ஆண்டில் இந்த வேட்டைக்காரர்களை ஏற்றுமதி செய்யத் தொடங்கினர். அமெரிக்கக் குடியேற்றங்கள் தன்னை எதிர்த்தபோது, பிரிட்டிஷ் அரசு ஜெர்மானியச் சிற்றரசர்களிடம் படையை வாடகைக்கு வாங்கிற்று. போர் முடியும்வரை அங்கு சென்ற ஜெர்மானியர் ஏறத்தாழ 30,000 பேர். பெரும்பகுதியினர் ஹெஸ்ஸெ-காஸல் நாட்டினர். பிரன்ஸ்விக் கோமகன் செய்துகொண்ட உடன்படிக்கையில் ஒரு விதி இருந்தது: காயமுற்றோர் மூவரை, மாண்டவர் ஒருவராகக் கணக்கிட்டுப் பணம் தரவேண்டும். உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்களுக்கு அதில் கூச்சம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. வேட்டைப்பொருளைத் தலையெண்ணி விலைபேசும் வழக்கம், வேட்டைக்காரனையே தலையெண்ணி விலைபேசும் அளவுக்கு வந்துவிட்டது.

அவ்வாறு சென்ற யேகர்களுள் யோஹான் எவால்ட் என்னும் தலைவரைக் குறிப்பிடாமல் மேலே செல்ல நமக்கு மனமில்லை. இளமையில் ஒரு கண்ணை இழந்தவர் அவர். 1776 முதல் 1781-இல் யார்க்டவுனில் சரணடைந்தது வரை யேகர்களை நடத்திச்சென்று, நாட்குறிப்பும் எழுதிவைத்தார். தம்மை எதிர்த்த அமெரிக்க அதிகாரிகளின் பைகளில் போர்க்கலை நூல்கள் இருப்பதைக் கண்டு அவர் வியந்தார். தம் பக்கத்து அதிகாரிகளின் பெட்டிகளிலோ சீட்டுக்கட்டும் தலைமுடிக்குப் பூசும் மாவும்! தாய்நாடு திரும்பியபின், பிரபு குலத்தில் பிறவாதவர் என்பதால் அவருக்கு உயர்வு கிட்டவில்லை. 1788-இல் டென்மார்க் நாட்டுச் சேவைக்குச் சென்று அங்கே தளபதியாக உயர்ந்தார். அவருடைய நாட்குறிப்பு 1979-இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது. திறமைக்கு உள்ளூரில் மதிப்பின்றி வெளியூரில் மதிப்புப் பெற்றவர் என்று நம் காலனியில் எவரேனும் அவரோடு உறவு கொண்டாடினால் நாம் மறுக்கமாட்டோம்.

பிற நாட்டார் இந்த யேகரை எப்படி ஏற்றனர் என்பது சுவையானது. பிரெஞ்சுக்காரர் சொல்லைக் கடன் வாங்கவில்லை. மொழிபெயர்த்து 'ஷஸர்' என்றனர். இத்தாலியர், போர்ச்சுக்கீசியர், ஸ்பானியர் ஆகியோரும் தத்தம் மொழியில் வேட்டைக்காரன் என்ற சொல்லையே படைப்பிரிவுக்கு இட்டனர். ருஷ்யரும் ஸ்வீடரும் சொல்லையே எடுத்துக்கொண்டனர். ஆங்கிலேயரோ சொல்லை விட்டு உடுப்பைக் கொண்டனர். 1797-இல் அவர்கள் அமைத்த 60-ஆம் படையின் ஐந்தாம் பட்டாளத்தில் இருந்தவர் பெரும்பாலும் ஜெர்மானியர். செஞ்சட்டை மயமான அப்படையில் அவர்களுக்குப் பச்சைச் சட்டை தரப்பட்டது. 'ரைபிள்' என்னும் பெயர் தாங்கிய பிரிட்டிஷ் படைகள் இவ்வழியிலே பெருகின.

இங்கேதான் நம் நாடு கதைக்குள் வருகிறது. 1857-இல் தில்லி முற்றுகையின்போது, நகருக்கு வெளியே உள்ள குன்றின்மேல் அந்த 60-ஆம் படையின் வீரரும் சிர்மூர் கூர்க்கா பட்டாளத்தாரும் தோளோடு தோள் நின்றனர். 1858-இல் கூர்க்கா பட்டாளம் ரைபிள் படை என்னும் பெயரைப் பெற்றது. இன்றும் நம் இந்தியத் தரைப்படையில் ரைபிள் படைப்பிரிவுகளின் சிப்பாய்க்குச் சிப்பாய் என்று பெயரில்லை. 'ரைபிள்மேன்' என்பதே பதவிப் பெயர். அவர்கள் அணிவது கரும்பச்சை. ராஜபுதன ரைபிள்ஸ் படையின் சின்னத்தில் இரு கட்டாரிகளோடு ஓர் ஊதுகொம்பும் உண்டு. கடமைப் பாதையில் குடியரசு நாள் அணிவகுப்பைக் காணும் நம் குழந்தைகள், அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஐரோப்பியக் காட்டிலிருந்து என்று சொல்லுங்கள். பெயரைத் தொலைத்துவிட்டு வேடத்தை மட்டும் கொண்டு வந்து சேர்ந்த யேகர் அது.

போர்ப்படை போக, பிரபுக்களின் வண்டிக்குப் பின்னே வேட்டை உடுப்பில் நிற்கும் ஏவலாளுக்கும் இப்பெயர் வழங்கியது. அவன் துப்பாக்கியைத் தொட்டறியாதவனாகவும் இருக்கலாம். டச்சுக்காரர் தம் மொழியில் வேட்டையைக் குறிக்கும் 'யாக்ட்' என்ற சொல்லை, பகைக்கலங்களைத் துரத்தும் விரைவுப் படகுக்கு இட்டனர். 1660-இல் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னனுக்கு ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் அத்தகைய படகு ஒன்றைப் பரிசளித்தனர். செல்வர்கள் இன்பப் பயணம் செல்லும் 'யாட்' அதன் வழிவந்ததே. யேகரின் உடன்பிறப்பு இன்று வேட்டையை முற்றும் மறந்து வெயில் காய்கிறது.

பறவையின் செய்தி இதனினும் வேடிக்கை. வட துருவத்தை அடுத்த பனிவெளிகளில் குஞ்சு பொரிக்கும் மூவகைக் கடற்பறவைகளை அமெரிக்க ஆங்கிலத்தில் யேகர் என்பர்; பிரிட்டனில் அவை ஸ்குவா. இனப்பெருக்கக் காலத்தில் அவை லெம்மிங் என்னும் சிற்றெலிகளை வேட்டையாடி உண்பது உண்மையே. மற்றை நாளிலோ, மீனைக் கவ்விப் பறக்கும் ஆலாவையும் கடற்காகத்தையும் விடாது துரத்தி, அவை கதிகலங்கிக் கைவிட்ட இரையை நடுவானில் பற்றிக்கொள்ளும். அப்படி விழுவது துரத்தப்பட்ட பறவையின் எச்சம் என்று முன்னோர் கருதியமையால், சாணத்தொடர்புடையது என்ற பொருளில் அதற்கு இலத்தீனப் பெயரிட்டனர். இப்பறவைகள் குளிர்காலத்தில் நம் அரபிக்கடல்வரை வருகின்றன. இனி வேடிக்கை யாதெனில், ஜெர்மானியர் இதனை வேட்டைக்காரன் என்று அழைப்பதில்லை. 'கொள்ளைக்காரக் கடற்காகம்' என்றே அழைக்கின்றனர். டச்சுக்காரர்தாம் இதனைத் தம் மொழியில் வேட்டைக்காரன் என்பர். கொள்ளைக்காரனுக்கு அயலார் வேட்டைக்காரன் என்று மதிப்புப் பெயர் தந்தனர். சொல்லுக்கு உரியவரோ உண்மையைச் சொல்லிவிட்டனர்.

இருபதாம் நூற்றாண்டில் இச்சொல் இரு முறை பெருங்கனம் தாங்கிற்று.

முதலாவது பின்லாந்தில். அந்நாடு 1809 முதல் ருஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. முதல் உலகப்போர் மூண்டதும், பின்னிய இளைஞர் சிலர் படைப்பயிற்சி தேடி ஜெர்மனிக்குக் கள்ளவழியாகச் சென்றனர். 1915-இன் தொடக்கத்தில் ஹோல்ஸ்டைன் பகுதியின் லாக்ஸ்டெட் முகாமில், சாரணர் பயிற்சி என்ற போர்வையில் அவர்கள் சேர்ந்தனர். பனியுறைந்த கடல்மீது நடந்து ஸ்வீடன் வழியே வந்தவரும் உண்டு. மாணவரும் உழவர் மக்களும் தொழிலாளருமாக ஏறத்தாழ 1,900 பேர் திரண்டனர். 1916-இல் அது பிரஷ்ய அரச 27-ஆம் யேகர் பட்டாளம் ஆயிற்று. அவர்கள் பொருட்டு எழுதப்பட்ட பாடலுக்கு 1917-இல் சிபேலியஸ் இசையமைத்தார். சொல் பின்னிய நாவில் 'யேக்கரி' ஆயிற்று. எவர் காட்டுக்கும் காவலாகாமல் தம் நாட்டுக்கென்றே வேட்டைக்காரர் ஆகியவர்கள் இவர்கள் என்று நாம் மகிழத் தோன்றும். ஆயின் 1917 டிசம்பர் 6-இல் விடுதலை அறிவித்த அந்நாடு அடுத்த மாதமே உள்நாட்டுப் போரில் வீழ்ந்தது. 1918 பிப்ரவரி 25-இல் வாசா துறையில் யேகர்கள் இறங்கியபோது, அவர்கள் எதிரே நின்றவர் பெரும்பாலும் தம் சொந்த நாட்டுத் தொழிலாளரே. செஞ்சார்பு கொண்டவர்களெனக் கருதிய சில நூறு யேகர்களை ஜெர்மனியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தனர். சுமார் முப்பது இலட்சம் மக்களைக்கொண்ட அந்நாட்டில் அப்போரிலும் அதன் பின்விளைவிலும் 36,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பின்னியப் படையின் யேக்கரிப் பிரிவுகளில் சாதாரணச் சிப்பாயின் பதவிப் பெயர் இன்றும் அதுவே. பாட்டனார் எந்தப் பக்கம் நின்றார் என்பதைப் பொறுத்து, அச்சொல் ஒவ்வொரு வீட்டிலும் வேறுவேறாக ஒலித்த காலம் நெடிது.

இரண்டாவது ஜெர்மனியிலேயே. துரத்திச்சென்று தாக்கும் போர்விமானத்தையும் யேகர் என்பது ஜெர்மானிய வழக்கு. 1944 மார்ச் மாதத்தில், அவ்விமானங்களின் உற்பத்தியைப் பெருக்க ஹிட்லர் அரசு 'யேகர் குழு' என்ற ஒன்றை அமைத்தது. குண்டுவீச்சுக்கு அஞ்சி, தொழிற்சாலைகளை மண்ணுக்குள் கட்டத் திட்டமிட்டனர். அதற்காக பவேரியாவின் காஃபரிங் பகுதியில் எழுந்த முகாம்களுக்கு ஏறத்தாழ 30,000 கைதிகள் கொண்டுவரப்பட்டனர், பெரும்பாலோர் யூதர். சிமெண்டு மூட்டை சுமந்தும், பட்டினியாலும் காய்ச்சலாலும் ஆயிரமாயிரம் பேர் மடிந்தனர். உளநூல் அறிஞர் விக்டர் பிராங்கல் அம்முகாம்களிலிருந்து உயிரோடு மீண்டவருள் ஒருவர். ஒரு வேட்டைச் சொல் இதற்குமேல் இறங்கத் தாழ்ந்த படி இல்லை.

அன்பர்களே, இனி எளிய செய்திகளுக்கு வருவோம். தொழிற்பெயர் குடும்பப் பெயராவது உலகெங்கும் உள்ளதே. ஸ்டுட்கார்ட் நகரின் விலங்கியல் அறிஞர் குஸ்தாவ் யேகர், உடலை ஒட்டிக் கம்பளி ஆடையே அணியவேண்டும் என்று 1880-இல் ஒரு நூல் எழுதினார். அதனைப் படித்து மயங்கிய ஓர் ஆங்கிலேயர் 1884-இல் இலண்டனில் அவர் பெயரிலேயே கம்பளிக் கடை திறந்தார். பெர்னார்ட் ஷா அக்கொள்கையை ஏற்று அவ்வுடையை அணிந்து உலவினார். நம் ஊர் வெயிலில் அம்மருத்துவம் எப்படிப் பலித்திருக்குமோ! யேகர் என்னும் அந்த ஆடைப்பெயர் 2021-இல் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனத்தாரிடம் சென்றது. 1947 அக்டோபர் 14-இல் ஒலியின் விரைவை விஞ்சிப் பறந்த அமெரிக்க விமானி சக் யேகரின் பெயரும் இதே சொல்லின் ஆங்கில எழுத்து வடிவே. துரத்துதலும் விரைதலும் அடிப்பொருளாக உள்ள சொல்லுக்கு இவரினும் பொருத்தமானவர் கிடையார்.

கடைவீதிகளில் மான்தலைப் படம் ஒட்டிய பச்சைப் புட்டி ஒன்றைக் கண்டிருப்பீர்கள். 'யேகர்மைஸ்டர்', அதாவது வேட்டைத்தலைவன். 56 மூலிகைப் பொருள்கள் சேர்ந்த அம்மதுவை வோல்ஃபன்பூட்டல் நகரின் குர்ட் மாஸ்ட் 1935-இல் விற்பனைக்குக் கொணர்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டிலேதான் வேட்டைச் சட்டம் ஒன்று பிறந்து, கோரிங் என்னும் நாஜித் தலைவன் நாட்டின் வேட்டைத்தலைவன் என்ற பட்டம் சூடியிருந்தான். மான்கொம்பினிடையே ஒளிவீசும் சிலுவை, புனித ஹூபர்ட்டின் கதையைச் சார்ந்தது. வேட்டைப் பித்தராக இருந்த ஒரு பிரபு, தாம் துரத்திய மானின் கொம்புகளிடையே சிலுவையைக் கண்டு மனம் மாறித் துறவு பூண்டார் என்பது அக்கதை. வேட்டையை விட்டவரை வேட்டைக்காரர்கள் தம் காவற்புனிதராக்கிக்கொண்டனர். பின்வந்தோர் மதுப்புட்டியிலும் ஏற்றிவிட்டனர். அவர் இதற்கு என்ன சொல்வாரோ அறியோம்.

ஜெர்மனியில் இன்றும் யேகர் என்றால் முதற்பொருள் வேட்டைக்காரனே. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேட்டை உரிமம் வைத்துள்ளனர். அதற்கு ஒரு தேர்வு உண்டு. விலங்கியல், சட்டம், ஆயுதம், நாய்வளர்ப்பு, இறைச்சியின் தூய்மை என்று பாடம் படித்துத் தேறவேண்டும். கடினமானதென்பதால் அதனைப் 'பச்சைப் பள்ளியிறுதித் தேர்வு' என்று விளையாட்டாக அழைக்கின்றனர்.

நம் வீட்டு இளைஞர்களோ இச்சொல்லை வேறு வழியில் அறிவர். 2013-இல் வந்த 'பசிபிக் ரிம்' என்னும் ஆங்கிலப் படத்தில், கடலிலிருந்து எழும் பூதங்களோடு போரிடும் பேரியந்திரங்களுக்கு யேகர் என்று பெயர். மென்பொருள் துறையில் இருப்போர்க்கு அது ஒரு கருவியின் பெயர். ஒருவர் கைப்பேசியில் வண்டி வேண்டும் என்று பொத்தானை அழுத்தினால், அந்த வேண்டுகோள் பல கணிப்பொறிகளின் வழியே ஓடுகிறது. எங்கே தங்கிற்று, எங்கே தடைப்பட்டது என்று அதன் அடிச்சுவட்டைத் தொடர்ந்து துரத்திக் காட்டும் கருவி அது. ஊபர் நிறுவனத்தில் 2015-இல் தோன்றி, எவரும் இலவசமாக எடுத்தாளும்படி பொதுவில் விடப்பட்டது. நம் காலனிப் பிள்ளைகள் சிலர் நாள்தோறும் இதனோடு பழகிக்கொண்டே 'ஜேகர், ஜேகர்' என்கின்றனர். நாளை அலுவலகத்தில் அவர்கள் யேகர் என்று சொல்லிப் பார்க்கட்டும். ஏனென்று கேட்பவர்க்கு அந்த இரண்டு புள்ளிகளின் கதையிலிருந்து தொடங்கலாம்.